கெட்டித் தண்ணீர்

1

உண்ணாமலை இறந்து வருகிற வாரத்தோடு ஒரு வருஷம். திதி எந்த நாள் என்பதில் இரண்டு கட்சி. இங்கே ஸ்கார்பரோ கோயில் குருக்கள் ஊர்ப் பஞ்சாங்கத்திலிருந்து ஒன்பதரை மணி நேரத்தைக் கழித்து வியாழக்கிழமை என்கிறார். திருவண்ணாமலையிலிருக்கும் என் தம்பி, "இன்னாண்ணா, அண்ணிக்கு நம்ம ஊரு கணக்குதான். வெள்ளிக்கிழமை செய்யுங்க" என்று தொலைபேசியில் கத்துகிறான். நான் இரண்டு நாளும் செய்துவிடலாமென்று இருக்கிறேன்.

அதற்காகச் சமையலறை அலமாரிகளைத் துடைத்தபோது, மூன்றாவது கதவின் உட்புறத்தில் அந்தத் தாள் இன்னும் ஒட்டியிருந்தது. மருத்துவமனையில் கொடுத்தது. திரவங்களை நான்கு படிகளாகப் பிரித்துப் படம் போட்டிருப்பார்கள். அடியில் பெரிய எழுத்தில், நோயாளிக்குத் தரும் எந்தத் திரவமும் போதிய அளவு 'விஸ்கஸ்' ஆக, அதாவது கெட்டியாக, இருக்க வேண்டும் என்று ஒரு எச்சரிக்கை. இருநூற்று முப்பத்தொரு நாள், நாளுக்கு ஆறு முறையாவது அதைப் பார்த்திருப்பேன்.

பனியைப் பற்றி எழுதுங்கள், பேரப்பிள்ளைகளைப் பற்றி எழுதுங்கள் என்று ஊரிலிருந்து கேட்கிறீர்கள். இம்முறை ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். அதோடு, நான் சொல்லாமல் விட்ட ஒன்றைப் பற்றியும்.

2

நாங்கள் வந்தது 1989இல், மகள் செல்வியின் பிரசவத்துக்கு. உண்ணாமலை மூன்று மாதத்துக்கு என்று சொல்லிக்கொண்டு கிளம்பினாள். நிரந்தரமாகத் தங்குவதற்கான விண்ணப்பத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். பதினோரு பக்கம். அவள் கையெழுத்துப் போட வேண்டிய நான்கு இடங்களிலும் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தேன். "எதுக்குங்க இது?" என்றாள். "சும்மா, விசா நீட்டிக்க" என்றேன்.

பதினான்கு வருஷம் கழித்து, 2003 அக்டோபரில், அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் நாக்கும் விழுந்தன. மூன்று நாளில் பேச்சு ஓரளவு திரும்பிவிட்டது. விழுங்குவதுதான் சிக்கல் என்றார்கள். தண்ணீர் போன்ற நீர்த்த திரவம் உணவுக்குழாயில் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கிவிடுமாம். நுரையீரலுக்குப் போனால் நிமோனியா, அந்த வயதில் நிமோனியா என்றால் மரணம். ஆகையால் குடிப்பதெல்லாம் கெட்டியாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு வெள்ளை மாவு, டப்பாவில் விற்றது. ஒரு தம்ளர் தண்ணீருக்கு மூன்று கரண்டி போட்டு, முப்பது சுற்று கலக்கி, இரண்டு நிமிடம் வைத்தால் தண்ணீர் தேன் போல ஆகிவிடும். கரண்டியைச் சாய்த்தால் சொட்டக்கூடாது, நூலாக இறங்க வேண்டும்.

முதல் நாள் கரண்டியால் ஒரு வாய் வாங்கியதும் உண்ணாமலை என்னைப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, கோந்தா?"

"தண்ணிதான். மருந்து கலந்திருக்கு."

"தண்ணிய இப்படியா பண்ணுவாங்க? போஸ்டாபீசுல கவர் ஒட்டலாம் இத வெச்சு."

அன்று சிரித்தோம். அப்புறம் சிரிக்கவில்லை. முதல் மாதம், நாளுக்குச் சராசரி பதினோரு முறை கேட்டாள். "ஒரு வாய் நல்ல தண்ணி குடுங்க." எனக்கு வேறு வேலை இல்லாததால் சமையலறை நாட்காட்டியில் கோடு போட்டு வந்தேன். மூன்றாம் மாதம் ஏழாகக் குறைந்தது. ஒரு காலையில் முகம் கழுவிவிட அவளைக் குளியலறைக்கு அழைத்துப் போனேன். துவாலை எடுக்கத் திரும்பிய நேரத்தில் இடது உள்ளங்கையைக் குழாயடியில் குவித்து வாய்க்குக் கொண்டு போய்விட்டாள். நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிப் புடவையில் விழுந்தது.

"விடுங்க."

"கூடாதுடி. செத்துப் போயிடுவ."

"இத குடிச்சிட்டுதான் சாவறேனே."

அந்த மணிக்கட்டின் எலும்பு இப்போதும் என் விரல்களுக்குள் இருக்கிறது.

3

விஸ்கஸ் என்ற சொல்லை நான் அறியாதவனல்ல. செங்கம் சாலைப் பக்கத்திலிருந்த பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் இயற்பியல் நடத்தியவன். விளக்கெண்ணெய் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இரும்புக் குண்டைப் போட்டு, இத்தனை நொடியில் இறங்கியது என்று பிள்ளைகளை எண்ண வைப்பேன். நம் பாடப்புத்தகத்தில் அதற்குப் பாகுநிலை என்று பெயர். வெல்லத்தைக் காய்ச்சும்போது கம்பிப் பதம், முத்துப் பதம் பார்க்கிறோமே, அந்தப் பாகு. பெயர் வைத்தவர் பசியோடு இருந்திருப்பார் என்று வகுப்பில் சொல்வேன். பின் வரிசைகூடச் சிரிக்கும்.

ஆங்கிலத்தில் அது எங்கிருந்து வந்தது என்று முப்பத்திரண்டு வருஷமும் நான் கேட்டுக்கொண்டதில்லை. மார்ச் கடைசியில், உண்ணாமலை தூங்கிய ஒரு மதியம், தெருமுனை நூலகத்தின் தடித்த அகராதியில் பார்த்தேன்.

லத்தீனில் 'விஸ்கம்' என்றொரு சொல். அதற்கு இரண்டு பொருள். ஒன்று, மரக்கிளையில் ஒட்டி அதன் சாற்றை உறிஞ்சி வளரும் ஒருவகைப் புல்லுருவி. இரண்டாவது, அந்தப் புல்லுருவியின் பழத்தை நசுக்கிக் காய்ச்சி எடுக்கும் பசை. அந்தப் பசையைக் குச்சியில் தடவிப் பறவை பிடிப்பார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு வால் முளைத்து, பசை போன்றது என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து அறுநூறு வருஷம் போல ஆகிறது. எண்ணெய்க்கும் தாருக்கும் தேனுக்கும் இன்று சொல்கிறார்கள். அடியில் இருப்பது பறவை பிடிக்கும் பசைதான்.

அந்தப் புல்லுருவியை நான் பார்த்திருந்தேன். கிறிஸ்துமஸுக்குப் பேத்தி காவ்யா பிளாஸ்டிக்கில் செய்த ஒரு கொத்தைக் கொண்டு வந்து வாசற்படி மேலே கட்டினாள். பச்சை இலை, வெள்ளைப் பழம். இதன் கீழே நிற்பவர்களுக்கு முத்தம் கொடுக்க வேண்டும் தாத்தா என்றாள். ஊரில் மாமரத்தில் புல்லுருவி கண்டால் அன்றே அரிவாளை எடுப்போம், இங்கே அதன் அடியில் நின்று கொஞ்சுகிறார்கள் என்று உண்ணாமலையிடம் சொன்னேன். "அப்ப நீங்க அது கீழ நிக்காதீங்க" என்றாள்.

அகராதிக்கு அப்புறம் ஒரு செடிகொடி நூலையும் எடுத்துப் பார்த்தேன். அந்தச் செடி மரத்துக்கு மரம் பரவுவதே பறவையால்தான். பறவை பழத்தைத் தின்கிறது. கொட்டை பிசுபிசுவென்று அலகில் ஒட்டுகிறது, எச்சத்திலும் போகிறது. அலகைக் கிளையில் தேய்த்துத் துடைக்கிறது. துடைத்த இடத்தில் செடி. செடியில் பழம். பழத்தில் பசை. பசையில் அதே பறவை.

புத்தகத்தை மூடிவிட்டு, பென்சிலால் புள்ளி வைத்த அந்த நான்கு இடங்களை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

4

பசையில் பறவை மாட்டுவதை நான் பார்த்ததும் உண்டு. செய்ததும் நானே.

அடி அண்ணாமலையில் எங்களுக்கு முக்கால் ஏக்கர். ஒரு வருஷம் கம்பு போட்டோம். கதிர் பால் பிடித்ததும் கிளியும் சிட்டும் வந்து விழுந்தன. தகரம் தட்டியும் போகவில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்து குருவி பிடிக்கிற ஒருவரை வரவழைத்தேன். ஆலம்பாலை எண்ணெயில் காய்ச்சி மூங்கில் குழாயில் வைத்திருந்தார். குச்சிகளில் தடவி வயலில் நாற்பது இடத்தில் நட்டார். விடிந்து போய்ப் பார்த்தால் பத்தொன்பது பறவைகள்.

ஒட்டிக்கொண்ட பறவை சும்மா இருந்தால் அதிகம் ஒட்டாது. ஒரு காலை விடுவிக்க மறு காலை ஊன்றும். ஊன்றிய கால் இன்னும் அழுந்தும். இறக்கையால் அடிக்கும், இறக்கை ஒட்டும். அலகால் பிடுங்கும், அலகு ஒட்டும். கடைசியில் கண் மட்டும் அசையும்.

உண்ணாமலை நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவினாள். பதினான்கு பிழைத்தன. "நாலு கதிரு தின்னா உங்களுக்கு இன்னா கம்மியாயிடும்?" என்று கேட்டாள். குருவி பிடிக்கிறவர் என் பக்கம் திரும்பி, "வாத்தியாரே, வூட்டுக்காரம்மாவ கேட்டுட்டு ஆள கூப்டுங்க" என்றார்.

5

இனி அந்தச் சொல்லாத விஷயம்.

நம் பக்கம் தண்ணீரை எப்படிக் குடிப்போம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலையை அண்ணாந்து, தம்ளரைத் தூக்கி, உதடு படாமல் ஊற்றிக்கொள்வோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுகிறவர்களுக்கு உண்ணாமலை வாசலில் தண்ணீர் கொடுப்பாள். நான்கு தம்ளர்தான், ஆயிரம் பேர் குடிப்பார்கள், ஒருவர் எச்சில் ஒருவருக்குப் படாது. அவள் பிறந்ததிலிருந்து ஒரு பாத்திரத்தில் வாய் வைத்ததில்லை.

வந்த மறு வருஷம் கோடையில் மருமகனின் அலுவலகத்தார் பூங்காவில் ஒரு விருந்து வைத்தார்கள். உண்ணாமலை ஆரஞ்சுச் சாற்றை அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். பக்கத்து மேசைக் குழந்தை கைதட்டிச் சிரித்தது. அதன் தாய் அதை அதட்டினாள், ஆனால் அவளும் பார்த்தாள். மருமகன் காது சிவந்து போனது. வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்:

"வெளிய போனா மத்தவங்க மாதிரி வாய் வெச்சு குடி."

"அப்போ வெளியில எனக்கு தண்ணியே வாணாம்."

சொன்னபடியே செய்தாள். பதின்மூன்று வருஷம் இந்த நாட்டில் வீட்டு வாசலுக்கு வெளியே அவள் ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

பக்கவாதம் வந்த ஐந்தாம் நாள் விழுங்கும் சோதனை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. வேண்டாம் என்று குறித்தேன். முப்பத்திரண்டு வருஷம் ஆசிரியராக இருந்தவனுக்கு எதற்கு மொழிபெயர்ப்பாளர்? சோதனை செய்ய வந்தவள் நல்ல பெண், முப்பது வயதிருக்கும். காகிதக் கோப்பையில் தண்ணீர் கொடுத்தாள். உண்ணாமலை அதை இடது கையால் தூக்கினாள், தலையை அண்ணாந்தாள், ஊற்றிக்கொண்டாள். இருமினாள். கண்ணில் நீர் வர, முகம் கறுக்க, இருமினாள்.

அந்தப் பெண் என்னைக் கேட்டாள்: "இவர் எப்போதுமே இப்படித்தான் குடிப்பாரா?"

நான் சொன்னேன்: "இல்லை, இல்லை. எல்லோரையும் போலத்தான் குடிப்பாள். இப்போது உடம்பு சரியில்லை."

அவள் எழுதிக்கொண்டாள். தலையையும் கோப்பையையும் நோயாளியால் கட்டுப்படுத்த முடியவில்லை என்று எழுதினாள் என்பதைப் பின்னால் கோப்பில் படித்தேன்.

அண்ணாந்து குடித்தால் ஆரோக்கியமானவனுக்கே புரையேறும். இது எனக்குத் தெரியாதா? சொல்ல மூன்று வினாடி போதும். பூங்காவில் சிரித்த குழந்தையின் முகம் முன்னால் வந்து நின்றுகொண்டது.

6

மூன்று மாதத்தில் மறுசோதனைக்குக் கூப்பிடுவோம் என்றார்கள். ஜனவரியில் கடிதம் வந்தது, என் பெயருக்கு. அவளுடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் பெயர்தான் இருக்கும், உங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தான். எப்படியோ முன்னது பின்னதாகி, எனக்கு விழுங்குவதில் சிரமம் இருப்பதால் நான் வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். செல்வி தொலைபேசியில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்து, பெயரைத் திருத்தச் சொன்னாள். திருத்தினால் வரிசையில் கடைசிக்குப் போகும் என்றார்கள். "நீங்களும் பேசுங்கப்பா, உங்க இங்கிலீஷ்தான் நல்லா இருக்குமே" என்றாள். பேசுகிறேன் என்றேன். பேசவில்லை. போனால் அந்தப் பெண் மறுபடி அதே கேள்வியைக் கேட்பாள்.

நூலகத்திலிருந்து வந்த வாரம், மாவைக் கலக்கிக்கொண்டிருந்தேன். காவ்யா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினான்கு வயது. என்னோடு பேசுவது நாளுக்குப் பத்து வாக்கியம், அதில் ஆறு ஆங்கிலம்.

"தாத்தா, ஹாஸ்பிடல்ல அன்னிக்கு நானும் இருந்தேன், ஞாபகமிருக்கா?"

"ம்."

"பாட்டி எப்பவும் குடிக்கிற மாதிரிதானே குடிச்சாங்க. நீங்க ஏன் நோ சொன்னீங்க?"

கரண்டி நின்றுவிட்டது. பதினெட்டாவது சுற்று.

"இவ்வளவு நாளா ஏன்மா கேக்கல?"

"உங்களுக்கு ஏதோ ரீசன் இருக்கும்னு நினைச்சேன்." ரொட்டியை மூடினாள். "இருக்கா?"

நான் மீதிச் சுற்றுகளைக் கலக்கினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு மருத்துவமனையைக் கூப்பிட்டேன். நாற்பத்தேழு நிமிடம் காத்திருந்தேன். ஒன்பது வாரம் கழித்து நாள் கொடுத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றார்கள். வேண்டும் என்றேன்.

7

மொழிபெயர்க்க வந்தவர் யாழ்ப்பாணத்து அம்மாள், என் மகள் வயதிருக்கும். சோதனை செய்தவள் பழைய அதே பெண். எக்ஸ்ரே திரைக்கு முன்னால் உண்ணாமலையை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். செல்வி அலுவலகத்தில் விடுப்பு எடுத்து வந்திருந்தாள்.

கோப்பையைக் கொடுக்குமுன், நான் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். தமிழில் சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்ல வாய் வரவில்லை. இவள் வாழ்நாள் முழுக்க அண்ணாந்துதான் குடித்திருக்கிறாள், அன்று நீங்கள் கேட்டபோது நான் பொய் சொன்னேன், வெட்கமாக இருந்தது என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் சிரித்துவிட்டார். "ஐயா, எங்கட அம்மாவும் அண்ணாந்துதான் குடிக்கிறவ. இதுக்கேன் வெக்கப்படுறியள்?" பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு மொழிபெயர்த்தார். செல்வி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

உண்ணாமலை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னது தமிழில் அல்லவா.

தாடையை மார்புப் பக்கம் தாழ்த்தி, கோப்பையில் வாய் வைத்து, சிறிது சிறிதாக உறிஞ்சச் சொன்னார்கள். அவள் கோப்பையைச் சுற்றிப் பார்த்தாள். "யாரும் வாய் வெக்கலையே?" என்று கேட்டாள். புதிது என்றார் மொழிபெயர்ப்பாளர். எழுபது வருஷம் செய்யாததைச் செய்தாள், உதட்டை விளிம்பில் வைத்தாள். திரையில் ஒரு கறுப்புக் கோடு வழி தவறாமல் கீழே இறங்கியது. மறுபடி. மறுபடி. ஐந்து முறை. இருமவில்லை. இனி மாவு வேண்டாம், இப்படியே குடிக்கலாம் என்றார்கள்.

முதல் நாளே இப்படிச் செய்திருந்தால் அன்றே முடிந்திருக்குமா என்று நான் கேட்டேன். அந்தப் பெண் மருத்துவக் கோப்பின் தாள்களைப் புரட்டினாள். சில வாரங்களுக்கு எப்படியும் தேவைப்பட்டிருக்கலாம், தேவைப்படாமலும் இருந்திருக்கலாம், இனி அதைச் சொல்ல முடியாது என்றாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள். அன்றிலிருந்து அந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஒரு தம்ளர் வெறும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் அவள் முன் நீட்டினேன். வாங்கவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்லீங்க?"

"சொல்லியிருக்கணும்."

"நான் தண்ணி குடிக்கிறது அவ்ளோ அசிங்கமாவா இருந்துச்சு?"

அவள் வாசல் பக்கம் திரும்பி, "காவ்யா, பாட்டிக்கு ஒரு வாய் தண்ணி குடுமா" என்றாள். என் கையிலிருந்த தம்ளரைக் காவ்யாதான் வாங்கிக் கொடுத்தாள்.

8

அதன்பின் பதினான்கு மாதம் இருந்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டாள். தம்பி மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசினாள். என் சட்டையில் பொத்தான் இல்லை என்றாள். தண்ணீர் மட்டும் என்னிடம் கேட்கவில்லை. செல்வியிடம் கேட்டாள், காவ்யாவிடம் கேட்டாள். உதவிக்கு வந்த பிலிப்பைன்ஸ் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, அவளிடம் "வாட்டர்" என்றாள். பதினாறு வருஷத்தில் அவள் பேசிய ஆங்கிலம் அந்த ஒரு சொல்தான் என்று நினைக்கிறேன். நாட்காட்டியில் நான் கோடு போட ஒன்றும் இல்லாமல் போயிற்று.

ஒரு மதியம் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். உதவிப் பெண் வர நேரமாயிற்று. உண்ணாமலை உதட்டை நாக்கால் தடவிக்கொண்டிருந்தாள். கேட்பாள் என்று காத்திருந்தேன். நாற்பது நிமிடம். கேட்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்து, கை எட்டும் தூரத்தில் மேசை மீது வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஜன்னலைப் பார்த்தாள். தொடவில்லை.

நான் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். நடையில் நின்று எண்ணினேன். எண்பது வரை எண்ணியதும் உள்ளே போனேன். தம்ளர் காலியாக இருந்தது.

பிறகு கடைசி வரை அப்படித்தான். தண்ணீரை வைப்பேன், வெளியே போவேன், எண்பது எண்ணுவேன், வருவேன். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த அறையில் இப்போது காவ்யா படிக்கிறாள். சாப்பிடக் கூப்பிடப் போனால், கதவு சாத்தியிருக்கிறது. எண்பது எண்ணிய பிறகுதான் தட்டுகிறேன்.